சிற்றுண்ணிக்கு வாங்கிய நுணுக்குக்காட்டி

இதைப் பூப் பார்ப்பதற்காக நான் வாங்கவில்லை. பரந்தனில் வீட்டு முற்றத்திலேயே பூங்கன்று வளர்த்து விற்கிறேன். ஆவணி வெயிலில் றோசா இலை மங்கிப் புள்ளி விழும்போது, அது சிற்றுண்ணியா, தண்ணீர்க் குறையா என்று வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. மருந்தடித்துக் காசைக் கரைத்த பிறகுதான் தெரியவரும். அந்த எரிச்சலில்தான் இணையத்தில் விற்ற கையடக்க நுணுக்குக்காட்டி ஒன்றை 1,650 ரூபாய்க்கு எடுப்பித்தேன். அனுப்பும் செலவு வேறு. நாலு மாதம் பாவித்த பிறகு இதை எழுதுகிறேன்.

தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிது. தெளிவு பார்த்துத் திருக ஒரு சில்லு, ஒரு வெள்ளை விளக்கு, நாணயத்தாள் சோதிக்க ஓர் ஊதா விளக்கு, மூன்று பொத்தான் பற்றரி. பெட்டியில் 60 மடங்கு என்று அச்சடித்திருக்கிறார்கள். அடிமட்டத்தின் மில்லிமீற்றர்க் கோடுகளை வைத்துப் பார்த்த மகள், "இதில் பாதி இருந்தாலே பெரிய காரியம் அம்மா" என்றாள். எனக்குப் பாதி போதும். இலையின் அடிப்பக்கத்தில் சிற்றுண்ணி எட்டுக் காலோடு நடந்துபோவது தெரிந்தது. வாங்கிய வேலை முதல் நாளே முடிந்துவிட்டது.

பிறகு வந்தது செவ்வரத்தை. அடுக்குச் செவ்வரத்தைக் கன்று வாங்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் "விதை இல்லையா?" என்று கேட்காமல் போவதில்லை. ஒற்றைச் செவ்வரத்தையே எங்கள் பக்கத்தில் காய்ப்பது அருமை, அடுக்கு காய்த்து நான் கண்டதேயில்லை. தடி வெட்டித்தான் நடவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் விடவில்லை. "தடிதான் என்று தெரியும் பிள்ளை, ஏன் என்று சொல்லு" என்று நின்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் போனதும் காலையில் விரிந்த ஒரு பூவைச் சவர அலகால் நெடுக்காகப் பிளந்தேன்.

ஒற்றைப் பூவில் நடுவே நீளும் தண்டைச் சுற்றிக் கேசரங்கள், அதாவது மகரந்தம் தரும் ஆணுறுப்புகள், குண்டூசித் தலைகளாக நிற்கும். அடுக்கில் அந்த இடமெல்லாம் கசங்கிய சிவப்பு இதழ்கள். உள்ளேயிருந்து மெலிந்த ஒன்றைப் பிடுங்கி நுணுக்குக்காட்டிக் குழலுக்கடியில் வைத்தேன். ஒரு பக்கம் நரம்போடு விரிந்த முழு இதழ். மற்றப் பக்கத்து விளிம்பில், நூல் விட்ட பொத்தானைப் போல அரை மகரந்தப்பை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயில் நாலைந்து மகரந்தமணிகள், முள்முள்ளாக. இதழுமில்லை, கேசரமுமில்லை. இத்தனை வருடம் இந்தப் பூவைக் கிள்ளிச் சாமிக்கு வைத்திருக்கிறேன், ஒருநாளும் கண்டதில்லை.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள் கொப்பியை எடுத்து வந்தாள். 1991 இல் என்றிக்கோ கோயன், எலியட் மேயரோவிட்ஸ் என்ற இருவர் எழுதிய விளக்கமாம். வெளியேயிருந்து உள்ளே பூவின் உறுப்புகள் நிற்கும் வட்டங்களை ஏ, பி, சி என்று மூன்று வகைப் பரம்பரையலகு (ஜீன்) வேலைகள் தீர்மானிக்கின்றன. ஏ தனியே என்றால் வெளிப்புறத்துப் புல்லி. ஏயும் பியும் சேர்ந்தால் அல்லியிதழ். பியும் சியும் சேர்ந்தால் கேசரம். சி தனியே என்றால் நடுவிலுள்ள சூல்வித்திலை, விதை உண்டாகும் பெண்பகுதி. ஏயும் சியும் ஒன்றையொன்று அண்டவிடாது. கேசரம் வரவேண்டிய வட்டத்தில் சி தளர்ந்துவிட்டால் ஏ உள்ளே வந்து பியோடு சேர்ந்துகொள்ளும், கேசரத்துக்குப் பதில் இதழ் முளைக்கும். என் கையிலிருந்தது அந்த இழுபறி பாதியில் நின்ற ஒன்று என்றுதான் நினைக்கிறேன். மகரந்தத்துக்குப் போகவேண்டியது அழகுக்குப் போய்விட்டது. ஆசிரியர் மறுமுறை வந்தபோது அந்த இதழையும் குழலையும் அவர் கையில் கொடுத்தேன். பதில் பேசாமல் இரண்டு கன்று கூடுதலாக வாங்கிக்கொண்டு போனார்.

செவ்வரத்தையில் இது பிசகு. குளத்து ஆம்பலில் இதுவே வழமை. ஓர் ஆம்பலை வெளியேயிருந்து உள்ளே ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாழையிலையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். இதழ் ஒடுங்கிக்கொண்டே போய் நுனியில் மஞ்சள் ஏறும். கடைசி இதழ் எது, முதற் கேசரம் எது என்று கோடு போடத் தடுமாறுவீர்கள். பூக்கும் தாவரங்களின் வம்சத்தில் மிக முந்தியே தனிவழி போன குடும்பம் அது. அதற்கு இந்தக் குழல் தேவையில்லை, முழங்கால் நனையத் தயாராக இருந்தால் போதும்.

குழலுக்கு ஏற்றது றோசா. இதழின் மேற்பரப்பு சீனி தூவியது போல மினுங்கும். ஒவ்வொரு மினுக்கமும் கூம்பாக எழும்பிய ஒரு கலம். விடியற்காலையில் இதழைக் கவிழ்த்தாலும் நீர்த்துளி விழாமல் தொங்குவது அந்தக் கூம்புகளால்தான். இத்தகைய கூம்புகள் வழுக்காமல் நிற்கத் தேனீக்கும் பிடிமானம்.

கார்த்திகைப் பூவில் குழல் தோற்றது. மாரி மழையோடு வேலியில் கொடியேறிப் பூத்தபோது ஆசையாக வைத்துப் பார்த்தேன். நெளிந்த இதழில் ஓர் இடம் தெளிந்தால் மற்ற இடம் புகையாகிவிடுகிறது. கடைசியில் தையல் நூல்தான் உதவியது. இதழின் நடுவே நூல் பிடித்தால் 6 சென்ரிமீற்றர். அதே இதழின் ஓரத்து நெளிவெல்லாம் ஏறி இறங்கிப் பிடித்தால் 8 இற்கும் மேல். கொக்கிப்பின்னலில் கரைப்பக்கம் கண்ணி கூடினால் விரிப்பு தட்டையாகக் கிடக்காமல் நெளியும் அல்லவா, அதே கணக்கு. ஓரம் நடுவை விடக் கூட வளர்கிறது, மிஞ்சிய நீளத்துக்குப் போக இடமில்லை. லிலி மொட்டு விரிவதும் விளிம்பின் இந்தக் கூடுதல் வளர்ச்சியால்தான் என்று லியாங், மகாதேவன் என்ற இருவர் 2011 இல் காட்டியிருக்கிறார்கள். (கிழங்கு நஞ்சு. கொடியைக் கிளறினால் கையைக் கழுவுங்கள்.)

குறைகளையும் சொல்லவேண்டும். மூடி இரண்டாம் கிழமையே உடைந்தது, றப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். சில்லு தளர்ந்துவிட்டது, கை நடுக்கமுள்ளவர்களுக்குச் சரிவராது. ஊதா விளக்கில் தேனீ காணும் கோலமெல்லாம் தெரியும் என்று விளம்பரத்தில் எழுதியிருந்தது சுத்தப் பொய். தேனீக்குத் தெரியும் புறஊதா நம் கண்ணுக்குத் தெரியாது, எந்த விளக்கைப் பிடித்தாலும் தெரியாது. பற்றரியைக் கழற்றாமல் வைத்தால் தானாகவே இறங்கிவிடுகிறது. கிளிநொச்சியில் மணிக்கூடு திருத்தும் கடையில் அதே அளவு பற்றரி கிடைக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். இன்னொன்று வாங்கத்தான் வேண்டும்: இதை மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் மூன்று கிழமையாகிறது, மிளகாய்க் கன்றில் இலை சுருளத் தொடங்கிவிட்டது.