வெலிகா ப்ளானினா ஒரு நாள் நடை: கேபிள் காரா, கிரான்ஸ்கி ராக்கா, ப்ரிமோஷ் பாதையா?

ஸ்லோவேனியாவின் தலைநகர் லியூப்லியானாவிலிருந்து காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும்படி ஒரு மேய்ச்சல் மலை பார்க்க வேண்டுமென்றால், அது வெலிகா ப்ளானினாதான். கம்னிக் ஆல்ப்ஸில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் மேட்டு நிலம். ஜூன் நடுவில் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஏறுகிறார்கள், செப்டம்பரில் இறங்குகிறார்கள். எங்கே போவது என்பதில் குழப்பமே இல்லை. எந்தப் பக்கமாக ஏறுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். மூன்று பாதைகளையும் பயன்படுத்தியவன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் ஓட்டு கிரான்ஸ்கி ராக் என்ற கணவாய்க்கு.

கேபிள் காரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1964 முதல் ஓடுகிறது. கீழ் நிலையத்திலிருந்து சில நிமிடங்களில் 1,400 மீட்டரைத் தொட்டுவிடலாம். இடையில் தாங்கு கோபுரம் ஒன்றுகூடக் கிடையாது. மேலே இறங்கியதும் நாற்காலி லிஃப்டில் ஏறினால் 1,666 மீட்டர் உயரமுள்ள க்ராதிஷ்சே உச்சிப் பக்கம் கொண்டுபோய் விடும். சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், கார் இல்லாதவர்கள் எல்லோருக்கும் இதுதான் சரி. லியூப்லியானாவிலிருந்து கம்னிக் வரை ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு.

ப்ரிமோஷ் பாதை அதற்கு நேரெதிர். ஸ்டாஹோவிட்சா ஊரில் தொடங்கி உச்சிவரை போனால் 1,200 மீட்டர் ஏற்றம். மேய்ச்சல் நிலத்தைத் தொடவே மூன்று மணி நேரமாவது ஆகும். ஆனால் வழியில், 842 மீட்டரில், புனித ப்ரிமோஷ் தேவாலயம் இருக்கிறது. அதன் உள்சுவரில் 1504இல் தீட்டிய ஓவியங்கள். கொள்ளைநோயிலிருந்தும் துருக்கியர் படையெடுப்பிலிருந்தும் மக்களைக் காக்கும் மரியாள் அதில் இருக்கிறார். அந்தச் சுவருக்காகவே ஒருமுறை போகலாம். நான் இந்தப் பாதையில் இறங்கியிருக்கிறேன், ஏறியதில்லை. அதனால் ஏற்றத்தின் சிரமத்தை இதற்குமேல் அளந்து சொல்ல மாட்டேன். இறக்கம் முட்டியைப் பதம் பார்க்கும் என்பது மட்டும் நிச்சயம்.

சரி, கிரான்ஸ்கி ராக். ஸ்டாஹோவிட்சாவைத் தாண்டி மலைச்சாலையில் காரில் ஏறினால் 1,029 மீட்டரில் வரும் கணவாய். காரை நிறுத்திவிட்டு நடந்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், ஐந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான ஏற்றம். முதல் பாதி காட்டுச் சாலை, அதில் விசேஷமாக ஒன்றுமில்லை. பாதைக்குறி தவறாது: சிவப்பு வளையத்துக்குள் வெள்ளைப் புள்ளி, நாடு முழுக்க இதே குறிதான். காடு முடிந்து வேலிக் கதவு வந்ததும், திறந்து உள்ளே போய் மறக்காமல் சாத்துங்கள். அப்புறம் எல்லாம் புல்வெளிதான். இன்னும் மேலே உஷிவெட்ஸ் என்ற இடம் வரை மண் சாலையில் காரை ஏற்றி நடையைக் குறைக்கலாம் என்பார்கள். அவ்வளவு தூரம் காரில் போவதற்குப் பேசாமல் கேபிள் காரிலேயே போகலாம்.

இந்த வழிக்கு நான் சாயக் காரணம் ஏற்றம் அல்ல, திரும்பும் நேரம். ஒரு நாள் நடையைத் தீர்மானிப்பதே அதுதான். கேபிள் காரில் போனால் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பது மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். பலத்த காற்றோ இடியோ வந்தால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம். நீங்கள் இறங்க வேண்டும் என்று நினைக்கும் அதே நேரத்தில்தான் வண்டி நிற்கும். நடந்து இறங்கப் பாதை உண்டு, ஆனால் அது 850 மீட்டர் செங்குத்து இறக்கம், அதையும் ஈரத்தில் இறங்க வேண்டும். ப்ரிமோஷ் வழியில் வந்தவர்களுக்கோ, மேலே வந்து சேரவே பாதி நாள் போயிருக்கும். ராக்கில் கார் நிற்கும்போது மேகம் கறுத்தால் உடனே கிளம்பலாம். காட்டுக்குள் போய்விட்டால் திறந்த வெளியில் மின்னலுக்கு நடுவே நிற்க வேண்டியதில்லை. வானம் தெளிவாக இருந்தால் கூட்டம் இறங்கிய பிறகும் மாலை வரை இருக்கலாம்.

அந்தக் கூடுதல் நேரம் எதற்கென்றால், குடில்களைப் பார்க்க. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரச் சில்லுகளால் வேய்ந்த கூரைகள் கிட்டத்தட்ட தரை வரை இறங்கும். பழைய முறையில் நிற்கும் ப்ரெஸ்கர் குடில் இப்போது அருங்காட்சியகம். தரையமைப்பு முட்டை வடிவம்; நடுவில் ஒரு சின்ன மர அறை, அதுதான் மேய்ப்பரின் வீடு. அறையைச் சுற்றிலும் அதே கூரையின் கீழ் தொழுவம். இரவில் மாடுகளின் உடல் சூடே அறைக்குக் கதகதப்பு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை இங்குள்ள குடில்களை எரித்தது. இன்று நிற்பவை போருக்குப் பின் மறுபடி எழுந்தவை. இதை அறிந்துகொண்டு அந்தக் கூரைகளுக்கு நடுவே நடப்பதற்கு ஒரு மணி நேரம் போதாது.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சில குடில்களில் புளித்த பாலும், பக்வீட் என்ற தானியத்தின் மாவில் கிண்டிய களியும் கிடைக்கும். நம்மூர் கேழ்வரகுக் களி பழகிய நாக்குக்கு இது உடனே பிடித்துவிடும். த்ர்னிச் என்ற பேரிக்காய் வடிவக் கெட்டிப் பாலாடைக்கட்டியையும் கேட்டுப் பாருங்கள். மரத்தில் செதுக்கிய அச்சால் மேலே கோலம் போட்டிருப்பார்கள். இரண்டு இரண்டாகச் செய்து, அதில் ஒன்றை மேய்ப்பர் தன் காதலிக்குக் கொடுப்பது அந்தக் கால வழக்கம். கையில் ரொக்கம் வைத்திருங்கள். தண்ணீரைக் கீழிருந்தே எடுத்துப் போங்கள்: சுண்ணாம்புக்கல் நிலம் மழையை அப்படியே உறிஞ்சிவிடும், மேலே ஓடை கிடையாது.

ராக்கில் ஒரு குறை உண்டு. கார் இல்லாமல் அங்கே போவது மிகவும் சிரமம். நான் பெரும்பாலும் வார நாட்களில் போகிறவன் என்பதால் நிறுத்த இடம் தேட வேண்டி வந்ததில்லை. ஆகஸ்ட் ஞாயிறு என்றால் அதிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள். கார் இல்லையென்றால் கேபிள் காரில் ஏறி ப்ரிமோஷ் வழியாக ஸ்டாஹோவிட்சாவுக்கு இறங்குவதுதான் அடுத்த நல்ல திட்டம். கடைசி வண்டிக் கவலை இல்லை, ஓவியங்களையும் பார்த்துவிடலாம். ஆனால் கைத்தடி இரண்டு இல்லாமல் அந்த இறக்கத்தில் கால் வைக்காதீர்கள்.