அரேயிலிருந்து எலிமெண்டை நீக்குவது: பல வருடப் புழக்கத்தில் எது நிற்கிறது

ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், பிஎச்பி மூன்றும் என் அன்றாட வேலை. இடையிடையே ஜாவாவும் கோவும் வரும். அரேயில் ஒன்றைச் சேர்ப்பது எல்லா மொழியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான், கடைசியில் தள்ளிவிட்டால் முடிந்தது. எடுப்பதில்தான் ஒவ்வொரு மொழியும் தன் குணத்தைக் காட்டும். இத்தனை வருடப் புழக்கத்தில் எந்த வழியை நம்புகிறேன், எதைத் தொடுவதில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அடிப்படை ஒன்றுதான். அரே என்பது பொதுவாக மெமரியில் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் தரவு, அதில் ஒவ்வொன்றும் ஒரு எலிமெண்ட். நடுவிலிருந்து ஒன்றை எடுத்தால், பின்னால் இருப்பவை எல்லாம் ஓரிடம் முன்னால் நகர வேண்டும். அந்த நகர்வு நடந்தால் நேரம் செலவாகும், நடக்காவிட்டால் ஓட்டை விழும். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றிலிருந்து கிளம்புபவை.

ஜாவாஸ்கிரிப்டில் டெலீட்டை அரேமேல் பயன்படுத்தவே கூடாது. எலிமெண்ட் போய்விடும், லெங்த் மாறாது, அந்த இடத்தில் வெறும் ஓட்டை நிற்கும். அதற்கென்றே இருப்பது ஸ்ப்ளைஸ். எங்கிருந்து, எத்தனை என்று சொன்னால் எடுத்துவிட்டு, எடுத்தவற்றைத் தனி அரேயாகத் திருப்பித் தரும். நல்ல கருவி, ஆனால் ஓரிடத்தில் மிகவும் கவனம் வேண்டும். இண்டெக்ஸ்ஆஃப் மூலம் ஒரு மதிப்பின் இண்டெக்ஸைத் (0-விலிருந்து எண்ணும் இட எண்) தேடி, கிடைத்த எண்ணை நேராக ஸ்ப்ளைஸுக்குக் கொடுக்கும் கோட் எங்கும் இருக்கிறது. தேடியது அரேயில் இல்லாவிட்டால் இண்டெக்ஸ்ஆஃப் தருவது மைனஸ் 1. ஸ்ப்ளைஸுக்கு மைனஸ் 1 என்றால் கடைசி எலிமெண்ட் என்று அர்த்தம். ஆக, இல்லாத ஒன்றை நீக்கச் சொன்னால் சம்பந்தமே இல்லாத கடைசி ஆள் காணாமல் போவார். எரர் வராது. கோட் ரிவ்யூவில் இந்த இரண்டு வரியும் ஒட்டி நிற்பதைப் பார்த்தால், நடுவில் ஒரு இஃப் போடச் சொல்லாமல் நான் விடுவதில்லை.

அடுத்தது லூப்புக்குள் நீக்குவது. 10, 20, 20, 30 என்று ஒரு அரே. முன்னிருந்து போய் 20-களை நீக்குகிறோம். இண்டெக்ஸ் 1-ல் 20 இருக்கிறது, நீக்கியாயிற்று. உடனே இரண்டாவது 20 அந்த 1-ஆம் இடத்துக்கே வந்து உட்கார்ந்துவிடும். லூப்போ 2-க்குப் போய்விட்டது, அங்கே இருப்பது 30. வேலை முடியும்போது ஒரு 20 தப்பித்து நிற்கிறது. பைத்தானில் ஃபார் லூப்புக்குள் ரிமூவ் போட்டாலும் இதே கதைதான், சத்தமே இல்லாமல் நடக்கும். ஜாவா எக்செப்ஷன் (ஓட்டத்தை நிறுத்தும் பிழை) எறிந்து எச்சரிக்கும். அதையும் முழுக்க நம்ப முடியாது. அரேலிஸ்டில் ஃபார்-ஈச் போகும்போது கடைசிக்கு முந்தைய எலிமெண்டை நீக்கினால், எக்செப்ஷன் வராமலேயே லூப் முடிந்துவிடும். கடைசி எலிமெண்டைப் பார்த்திருக்கவே மாட்டோம். லூப்பில்தான் நீக்கியாக வேண்டும் என்றால் பின்னிருந்து முன்னால் வாருங்கள். நகர்பவை எல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்தவையாக இருக்கும்.

இன்று எனக்குக் கைவந்த வழி ஃபில்டர்தான். எதை நீக்க வேண்டும் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, எது மிஞ்ச வேண்டும் என்று எழுதுவது. பைத்தானில் (அங்கே அரேக்கு லிஸ்ட் என்று பெயர்) லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன், ரஸ்ட் மொழியில் ரீட்டெய்ன் எல்லாம் இதே வழிதான்; ஜாவா 8 முதல் இருக்கும் ரிமூவ்இஃபும் இந்த வகைதான், அதில் மட்டும் நீக்க வேண்டியதைச் சொல்ல வேண்டும். நிபந்தனை ஒரே வரியில் தெரிகிறது, இண்டெக்ஸ் கணக்கு கிடையாது. வேகத்திலும் லாபம். ஒரு லட்சம் எலிமெண்ட் உள்ள அரேயில் முதலாவதிலிருந்து தொடங்கி ஒன்று விட்டு ஒன்றாக ஒவ்வொன்றாய் நீக்கிக்கொண்டு போனால், மொத்தம் 250 கோடி நகர்வுகள். ஒரே ஓட்டத்தில் வடிகட்டினால் மிஞ்சும் 50,000 எலிமெண்ட்டும் தலா ஒரு தடவைதான் இடம் மாறும். சில நூறு எலிமெண்டுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், எது படிக்கச் சுலபமோ அதை எழுதுங்கள்.

ஃபில்டர் தருவது புது அரே என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பழைய அரேயை வேறு ஃபங்ஷன் எங்காவது பிடித்து வைத்திருந்தால், அதன் கண்ணுக்கு எதுவுமே நீங்கியிருக்காது. ரியாக்ட் (திரை இடைமுகம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) போன்ற இடங்களில் புது அரேதான் தேவை என்பதால் அங்கே அது வசதி. இண்டெக்ஸ் தெரிந்து, மூலத்தைத் தொடாமல் எடுக்க ஜாவாஸ்கிரிப்டின் 2023 தரநிலையில் வந்த டூஸ்ப்ளைஸ்டும் இருக்கிறது. பைத்தானில் அதே லிஸ்ட் மாற வேண்டுமென்றால் அதன் முழு ஸ்லைஸுக்கு (முதலிலிருந்து கடைசி வரையான துண்டுக்கு) அசைன் செய்துவிடலாம்.

என் நேரத்தை அதிகம் தின்றது பிஎச்பியின் நீக்கும் கட்டளையான அன்செட். மூன்று எலிமெண்டில் நடுவில் இருப்பதை நீக்கினால் கீக்கள் (ஒவ்வொரு மதிப்பையும் அடையாளம் காட்டும் எண்கள்) 0, 2 என்று நிற்கும். பிஎச்பிக்குள் ஃபார்ஈச் ஓடும்வரை எதுவும் தெரியாது. ஜேசனாக (தரவை வேறு புரோகிராமுக்கு அனுப்பும் எழுத்து வடிவம்) மாற்றும்போதுதான் வேஷம் கலைகிறது: கீ வரிசை அறுந்ததால் அரேயாகப் போக வேண்டியது ஆப்ஜெக்டாகப் போகும், எதிர்முனையில் அரேக்காகக் காத்திருக்கும் கோட் விழும். கடைசி எலிமெண்டை நீக்கிச் சோதித்தால் வரிசை அறுவதில்லை, டெஸ்ட் பாஸ் ஆகிவிடும். அதனால்தான் இது நீண்ட நாள் ஒளிந்திருக்கும். அரே ஃபில்டரும் பழைய கீக்களை அப்படியே வைத்திருக்கும். எனவே வெளியே அனுப்பும் முன் அரே வேல்யூஸ் ஒருமுறை போட்டுவிடுவது என் வழக்கம். டெஸ்ட் எழுதினால் நடு எலிமெண்டை வைத்து எழுதுங்கள்.

ஜாவாவில் முழு எண்கள் உள்ள லிஸ்ட் என்றால் ரிமூவைக் கூர்ந்து பாருங்கள். 7, 8, 1 இருக்கும் லிஸ்டில் ரிமூவ் 1 என்றால் 1 அப்படியே இருக்கும், 8 போயிருக்கும். அது கொடுத்த எண்ணை இண்டெக்ஸாக எடுத்துக்கொள்கிறது.

கோ மொழியில் வெகுகாலம் அப்பெண்டை வைத்து இரண்டு துண்டை ஒட்டுவதுதான் வழியாக இருந்தது. 1, 2, 3, 4-ல் 2-ஐ இப்படி எடுத்தால் புது ஸ்லைஸ் (அடியில் இருக்கும் அரேயின் ஒரு பகுதியைக் காட்டும் சன்னல்) 1, 3, 4. பழைய ஸ்லைஸைப் பார்த்தால் 1, 3, 4, 4. அடியில் இருக்கும் அரே இரண்டுக்கும் ஒன்றுதான். 1.21-ல் ஸ்லைசஸ் பேக்கேஜின் டெலீட் வந்தது, 1.22 முதல் அது மிச்ச வாலைப் பூஜ்ஜியமாக்கிவிடுவதால் பழைய ஸ்லைஸில் 1, 3, 4, 0 தெரியும். இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது, பழைய ஸ்லைஸைத் தவறாகப் படிப்பவர் சீக்கிரம் பிடிபடுவார்.

வரிசை முக்கியமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது, அதிகம் பேர் எடுப்பதில்லை. கடைசி எலிமெண்டை நீக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, கடைசியை பாப் செய்வது. எத்தனை பெரிய அரேயானாலும் இரண்டே வேலை. ரஸ்ட்டில் இதற்கு ஸ்வாப் ரிமூவ் என்று பெயரோடு ஃபங்ஷனே உண்டு. முன்னாலிருந்தே எடுத்துக்கொண்டிருக்க வேண்டுமானால், பைத்தானில் லிஸ்டை விட்டு டெக்குக்கு (deque, இரு முனையிலும் வேகமாகச் சேர்க்கவும் எடுக்கவும் முடியும் வரிசை) மாறிவிடுங்கள்.

எனக்கு மிச்சமிருக்கும் ஒரே குறை, மதிப்பைச் சொல்லி ஒன்றை மட்டும் நீக்க ஜாவாஸ்கிரிப்டில் சொந்த மெத்தட் இன்னும் இல்லை என்பதே. பைத்தானின் ரிமூவ் போல ஒன்று இருந்து, இல்லாததை நீக்கச் சொன்னால் எரர் கொடுத்தால், அந்த மைனஸ் 1 தொல்லை பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். அதுவரை எந்த புராஜெக்டிலும் இண்டெக்ஸ்ஆஃப், இஃப், ஸ்ப்ளைஸ் மூன்றையும் சேர்த்து ஒரு சின்ன ஃபங்ஷனாக முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன்.