டைமரை நம்பி மொட்டைத் தொலைத்தேன்

வெளிச்சம் வராத அறைக்காக இந்த எல்இடி வளர்ப்பு விளக்கை வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. வெளிச்சத்தில் குறையில்லை; மணி பிளான்ட் மளமளவென்று ஏறுகிறது. கோளாறு டைமரில்தான். கரண்ட் போய் வந்தால் அமைத்த நேரத்தை மறந்துவிட்டுத் தானாக எரியத் தொடங்கிவிடும். நள்ளிரவு இரண்டு மணிக்குக் கண் விழித்தால் அறை முழுக்க ஊதா வெளிச்சம்!

இதே விளக்கின் கீழ் வைத்த சாமந்திக்கு இது ஆகவே ஆகாது. இரவு நீண்டால்தான் அது மொட்டு விடும். அது அளப்பது பகலை அல்ல, இடைவிடாத இருட்டை. இந்த ஊதாவில் கலந்திருக்கும் சிவப்பு ஒளி நடு இரவில் கொஞ்ச நேரம் பட்டாலும் போதும், இலையில் ஒளியை உணரும் ஃபைட்டோகுரோம் நிறமி உருமாறி, நீண்ட இரவு என்ற கணக்கே கலைந்துவிடும். 1938-லேயே ஹாம்னர், பானர் என்ற தாவர ஆய்வாளர்கள் மருளூமத்தைச் செடியில், இரவை ஒளியால் குறுக்கிட்டால் பூ நின்றுவிடும் என்று காட்டிவிட்டார்கள். எனக்குத்தான் தாமதமாக உறைத்தது. என் சாமந்தி இலையாகத் தள்ளியதே தவிர, ஒரு மொட்டுகூட இல்லை.

சரி என்று மாலை ஆறு முதல் காலை எட்டு வரை அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடினேன். நான்காவது வாரம் நுனியில் மிளகு அளவு பச்சை மொட்டுகள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். பேட்டரி உள்ள டைமரைத் தனியாக மாட்டிக்கொள்வதாக இருந்தால் வாங்கலாம்.