அறைக் கதவுக் கைப்பிடி: குமிழா லீவரா, தட்டா வட்டமா?

புதுக் கைப்பிடி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பளபளப்பைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது கதவில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டையைத்தான். பழைய கதவில் எந்தப் பூட்டுக்காகத் துளை போட்டிருக்கிறார்களோ, அதுவே பாதி முடிவை எடுத்துவிடுகிறது.

கதவைத் திறந்து அதன் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். நீளமான உலோகப் பட்டையும், மேலும் கீழும் ஸ்க்ரூவும் இருந்தால் உள்ளே இருப்பது மார்ட்டிஸ் லாக். மரத்தைக் குடைந்து ஒரு பெட்டியையே செருகியிருப்பார்கள். கதவைச் சாத்தும்போது நிலைச்சட்டத்தில் விழும் நாக்கைச் சுற்றி மட்டும் சின்னத் தகடு இருந்தால் அது குழாய் வடிவ லாட்ச். குமிழ்ப் பூட்டுகளில் பெரும்பாலும் இதுதான். அதற்குக் கதவின் முகத்தில் சுமார் 54 மி.மீ. விட்டத்தில் வட்டத் துளை போட்டிருக்கும்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டாம் என்பதே என் கட்சி. மார்ட்டிஸ் பெட்டியை எடுத்துவிட்டு அதே இடத்தில் 54 மி.மீ. துளை போட்டால், ஏற்கெனவே குடைந்த மரத்தை மேலும் குடைகிறீர்கள். மரத்துண்டு ஒட்டி நிரப்பாமல் அங்கே எதுவும் உறுதியாக நிற்காது. எதிர்த்திசையும் சுலபமில்லை. உளியால் பெட்டிக்கு இடம் வெட்ட வேண்டும், பெரிய வட்டத் துளையையும் ஏதாவது தட்டால் மறைக்க வேண்டும். நல்ல ஆசாரி செய்துவிடுவார். ஒரு கைப்பிடிக்காக அவ்வளவு பாடு தேவையா என்பதுதான் கேள்வி.

சரி, குமிழ் நல்லதா, லீவர் நல்லதா? குமிழைத் திருப்ப விரல்கள் இறுகப் பிடிக்க வேண்டும், மணிக்கட்டும் திரும்ப வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அது வேதனை, சோப்புக் கைக்கு வழுக்கல். லீவரை, அதாவது கீழே அழுத்தித் திறக்கும் நீளப் பிடியை, முழங்கையாலேயே அழுத்தித் திறக்கலாம். கனடாவின் வான்கூவர் நகரம், புதிதாகக் கட்டும் வீடுகளில் குமிழுக்குப் பதில் லீவர்தான் வேண்டும் என்று 2014-இல் விதியையே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பூட்டின் நடுப்புள்ளி கதவு விளிம்புக்கு மிக அருகில் இருந்தால், குமிழைத் திருப்பும்போது விரல் முட்டி நிலைச்சட்டத்தில் உரசும் தொல்லையும் உண்டு.

லீவருக்கும் குறைகள் இருக்கின்றன. தவழ்ந்து எழுந்த குழந்தையும், புத்திசாலி நாயும் அதைச் சீக்கிரமே திறக்கக் கற்றுக்கொள்ளும். நேராக நீண்டு முடியும் லீவரில் சட்டைக் கை மாட்டும். அதனால் முனை கதவை நோக்கி வளைந்திருப்பதை எடுப்பது நல்லது. அதைவிடப் பெரிய பிரச்சினை தொய்வு. நாளடைவில் லீவர் கிடைமட்டமாக நிற்காமல் தலைகுனிந்துவிடும். பலர் உடனே கைப்பிடியைக் குறை சொல்வார்கள். அதைத் தூக்கி நிறுத்தும் ஸ்ப்ரிங் பல வகைகளில் பூட்டுக்குள்தான் இருக்கிறது. பழைய பூட்டை வைத்துக்கொண்டு கனமான லீவரைப் போட்டால் தொய்வு நிச்சயம். அந்த நிலையில் தனக்கென்று ஸ்ப்ரிங் உள்ள கைப்பிடியாகக் கேட்டு வாங்குங்கள்.

பழைய பூட்டை வைத்துக்கொள்ளலாமா என்று சோதிப்பது எளிது. கைப்பிடிகளைக் கழற்றி, நடுவில் செல்லும் சதுரக் கம்பியை (கடையில் ஸ்பிண்டில் என்பார்கள்) மட்டும் செருகித் திருப்புங்கள். நாக்கு முழுதாக உள்ளே போய், விட்டதும் சட்டென்று திரும்பி வந்தால் பூட்டு நலம். கம்பி சரியான அளவாக இருந்தும் அந்தச் சதுரத் துளையில் லொடலொடவென்று ஆடினால் பூட்டையும் மாற்றிவிடுங்கள். புதுக் கைப்பிடி போட்டாலும் ஆட்டம் போகாது. இப்போது பரவலாகக் கிடைக்கும் கம்பி 8 மி.மீ. சதுரம். பழையவை வேறாக இருக்கலாம், அளந்துவிடுங்கள்.

அடுத்தது, கைப்பிடிக்குப் பின்னால் கதவோடு ஒட்டி நிற்கும் தட்டு: நீளத் தட்டா, வட்டத் தட்டா. இன்றைய மோகம் வட்டத்தில்தான், பார்க்கவும் நறுவிசாக இருக்கிறது. ஆனால் பழைய கதவில் நான் நீளத் தட்டின் பக்கம். பழைய ஸ்க்ரூ ஓட்டைகள், பெயின்ட் விளிம்பு, வெளுத்த மரம் எல்லாவற்றையும் அது மூடிவிடும். வட்டத் தட்டு வைத்தால் அத்தனையும் வெளியே தெரியும். மக்கு (ஓட்டையை அடைக்கும் பசை) வைத்துத் தேய்த்துக் கதவுக்கே வண்ணமடிக்க வேண்டிவரும். நீளத் தட்டில் கவனிக்க வேண்டியது, கைப்பிடியின் நடுவிலிருந்து சாவித்துளையின் நடுவரை உள்ள தூரம். 57, 72, 85 மி.மீ. என்று பல அளவுகள் உண்டு. சில மி.மீ. மாறினாலும் சாவி நுழையாது. வட்டத்தில் இந்தத் தலைவலி கிடையாது, சாவித்துளைக்குத் தனி வட்டம். எதை எடுத்தாலும், கதவின் இருபுறத்தையும் ஊடுருவிப் பிணைக்கும் போல்ட் உள்ளதாக இருக்கட்டும். தளர்ந்துபோன மரத்தில் சின்ன ஸ்க்ரூ நாளாக ஆகக் கழன்று வரும்.

உலோகத்தில் எடையை நம்பாதீர்கள். முலாம் பூசிய ஜிங்க் கலவையும் கையில் கனக்கும். குளியலறைக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும், உரியும் முலாம் என்ற பேச்சே இல்லை. அங்கே உள்தாழ்ப்பாளுடன் கூடிய கைப்பிடி என்றால், வெளிப்புறம் நாணயத்தால் திருப்பித் திறக்கும் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே யாராவது வழுக்கி விழுந்தால் கதவை உடைக்காமல் திறக்கலாம்.

பூட்டையும் மாற்றினால், நிலையில் நாக்கு விழும் தகட்டையும் சரிபாருங்கள். புது நாக்கு ஓரிரு மி.மீ. மேலோ கீழோ நின்றால் கதவு சாத்தாது. தகட்டைக் கழற்றி இடம் மாற்றினால் பழைய ஸ்க்ரூ ஓட்டைக்கும் புதியதற்கும் நடுவே மரம் பிளக்கும். அதைவிடத் தகட்டின் துளையையே அரத்தால் கொஞ்சம் ராவி விடுவது மேல்.