சாட்ஸ்வர்த்தில் சர்க்கரை வைத்தியம்: கிளினிக்கா, தெருமுனை டாக்டரா?

எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, சர்க்கரையும் உண்டு, பிரஷரும் உண்டு. அதனால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு வழியையும் பார்த்தாயிற்று.

அரசுக் கிளினிக்கில் காசு கேட்பதில்லை. 1994-இல் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் இலவசமானது, 1996-இல் ஆரம்ப சுகாதாரச் சேவை முழுவதற்கும் நீண்டது. அங்கே நம்மைப் பார்ப்பது பெரும்பாலும் நர்ஸ்தான். அதில் எனக்குக் குறையில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி ஆயாவின் கால்விரல் இடுக்குவரை பார்த்தது ஒரு நர்ஸ்தான். வேறு எவரும் அதைச் செய்ததில்லை. தொல்லை என்னவென்றால், போகும்போதெல்லாம் வேறு முகம். ஒருமுறை ஃபைலே கிடைக்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு மடக்கு நாற்காலியோடு வரிசையில் இடம் பிடித்த ஆயா, பத்து மணிக்கு உள்ளே போய் முதலிலிருந்து கதை சொன்னார்.

தெருமுனை டாக்டரிடம் கதை சொல்லவே வேண்டாம். அம்மாவுக்கு அம்மை போட்ட காலம் முதல் அவருக்கு எங்களைத் தெரியும். பார்த்த கையோடு சின்ன பிளாஸ்டிக் பைகளில் மாத்திரையும் கொடுத்துவிடுவார். காய்ச்சலுக்கு அது போதும். சர்க்கரைக்கு மாதாமாதம் வேண்டுமே? பென்ஷன் பணம் தாங்காது.

மெடிக்கல் எய்ட், அதாவது மாதச் சந்தா கட்டும் தனியார் மருத்துவக் காப்பீடு, இருந்தால்? சர்க்கரை, பிரஷர் மாதிரி பட்டியலில் உள்ள நாட்பட்ட நோய்களுக்கு அவர்கள் கட்டாயம் கொடுக்க வேண்டும், சட்டம் அப்படி. ஆனால் நாட்டில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான் அது இருக்கிறது. மலிவான பிளானில் சாதாரண டாக்டர் செலவுக்கான ஒதுக்கீடு வருஷம் முடியுமுன்பே தீர்ந்துவிடும்.

இலவசமும் தெரிந்த டாக்டரும் ஒன்றாகக் கிடைக்காதா? இந்த ஆசை புதிதல்ல. 1940-இல் டர்பன் இருக்கும் இதே நேட்டால் மாகாணத்தில் போலேலா என்ற ஊரில் சிட்னி கார்க், எமிலி கார்க் தம்பதி வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் சுகாதார மையம் தொடங்கினார்கள். அதையே நாடு முழுக்கப் பரப்பச் சொன்னது, சுகாதாரச் சேவையை ஆராய அரசு அமைத்த குளுக்மன் கமிஷன். 1948-இல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் ஓரங்கட்டப்பட்டது.

2024 மே 15-இல் அதிபர் ரமபோசா கையெழுத்திட்ட என்.எச்.ஐ. என்னும் தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் அதே கனவின் புது உருவம். தனியார் டாக்டர்களுடனும் அரசு நிதியமே ஒப்பந்தம் போட்டு, நம் பெயரில் பணம் கொடுக்கும். காகிதத்தில் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதை எதிர்த்து வழக்குகள் வந்துவிட்டன. ஆயா அதுவரை காத்திருக்க முடியுமா?

அதனால் இப்போதைக்கு இரண்டும் கலந்த வழிதான். நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் கிளினிக் மருந்தைப் பக்கத்து மருந்துக்கடையிலேயே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில் ஆயாவைச் சேர்த்துவிட்டோம். மாத வரிசை ஒழிந்தது. இருமல், மயக்கம் என்றால் தெருமுனை டாக்டர், கையிலிருந்து காசு.

கிளினிக்கில் என்ன கொடுத்தார்கள் என்று டாக்டருக்குத் தெரியாது, டாக்டர் கொடுத்தது கிளினிக்குக்குத் தெரியாது. ஆயா காலி மாத்திரை அட்டைகளை ஒரு ரொட்டிப் பையில் சேர்த்து வைத்திருக்கிறார். எங்கே போனாலும் அதை மேஜையில் கொட்டிவிட்டுத்தான் உட்காருவார்.