ஏழு கட்டைக்குள் ஒளிந்திருக்கும் சொல்: கலைத்துத் தேடுவதா, மனப்பாடமா, செயலியா?

ஆங்கில ஸ்க்ராபிளில் ஆளுக்கு ஏழு எழுத்துக் கட்டைகள்; அவற்றைப் பலகையில் சொல்லாக அடுக்கினால் எழுத்துக்கேற்ற புள்ளி. நிறையப் புள்ளி என்றதும் பலருக்கு க்யூவும் இசட்டும்தான் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் தலா 10. ஆனால் அவை இரண்டும் சேர்ந்த 'குவிஸ்' (quiz) என்ற சொல்லுக்கே கட்டை மதிப்பு 22தான். 'ரீடெய்ன்ஸ்' (retains) என்பதில் ஏழு எழுத்தும் ஒற்றைப் புள்ளி. ஏழையும் ஒரே ஆட்டத்தில் இறக்கினால் 50 போனஸோடு 57. ஆகவே ஏழெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் வழிகளைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன்.

கட்டைகளைக் கலைத்துக் கலைத்துப் பார்ப்பது எல்லாரும் செய்வது. ஏழு வெவ்வேறு எழுத்துகளுக்கு 5040 வரிசைகள் உண்டு. கடிகாரம் ஓடும்போது அதிர்ஷ்டத்தை நம்புவதுதான் இது. கண் ஒரே சொல்லில் சிக்கிக்கொண்டால் விடுபட மட்டும் உதவும்.

இதைவிட, சொல்லின் முன்னோ பின்னோ சேரும் ஒட்டுகளைப் பிரிப்பது எவ்வளவோ மேல். 'இங்' (ing) விகுதியின் மூன்று எழுத்தையும் ஓரமாக ஒதுக்கினால் மிச்சம் நான்கு; அவற்றுக்கு 24 வரிசைகள்தான். புதிதாக ஆடுபவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். ஆனால் 'ரெட்சினா' (retsina), 'கெரட்டின்' (keratin) போன்ற சொற்கள் இந்த வலையில் விழாது.

அங்கேதான் ஆறெழுத்து அடித்தளம், அதாவது ஏழாவதாகப் பல எழுத்துகளோடு சேர்ந்து சொல்லாகும் ஆறு எழுத்துகள், கைகொடுக்கிறது. 'ரெட்டினா' (retina) என்பதன் ஆறு எழுத்தும் கையில் இருக்கிறது என்று வையுங்கள். ஜி வந்தால் கிரானைட், டியரிங், இன்கிரேட். பி வந்தால் பெயின்டர், பெர்டெய்ன், ரீபெயின்ட். எம் வந்தால் மினரெட், ரெய்மென்ட். சி வந்தால் செர்டன். எஃப் வந்தால் ஃபெயின்டர். எந்தக் கட்டையை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதையும் இதே பயிற்சி கற்றுத்தருகிறது. வேறு எந்த வழிக்கும் இந்தப் பலன் இல்லை. என் வாக்கு இதற்குத்தான்.

போட்டிகளில் ஆடுபவர்கள் இன்னொரு படி ஏறுகிறார்கள். எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கி, அந்த அடுக்குக்கு எந்தெந்தச் சொல் என்று மனப்பாடம் செய்கிறார்கள். பொருள் தெரியவேண்டும் என்பதுகூட இல்லை. நியூசிலாந்து ஆட்டக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார். பலன் பெரியது, உழைப்போ மாதக் கணக்கில். வாரம் ஒருமுறை ஆடுபவருக்கு இது தேவையில்லை.

எழுத்துகளைக் கொடுத்தால் சொற்களைக் கொட்டும் செயலி எல்லாவற்றையும்விட வேகமானது. ஆட்டத்தின் நடுவே அதைத் திறந்தால் அது ஏமாற்று. ஆட்டம் முடிந்தபின் எதைத் தவறவிட்டோம் என்று பார்க்க அதைவிட நல்ல ஆசான் கிடையாது. ஆனாலும் கட்டைகளை மட்டும் வாங்கிக்கொள்ளும் செயலிக்குப் பலகை தெரியாது. 'கி' (qi) என்ற ஈரெழுத்துச் சொல் 11 புள்ளியோடு அதன் பட்டியலின் அடியில் கிடக்கும். ஆனால் பலகையில், க்யூவை எழுத்தின் மதிப்பை மூன்று மடங்காக்கும் கட்டத்தில் வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் அதே சொல் அமைந்தால் 62.