மேலேயே அப்கிரேடா, ஃபார்மட்டா, புது டிஸ்க்கா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கம்ப்யூட்டர் அதற்கப்புறமும் ஓடும். ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் தானாக வந்து சேராது. படம் பார்க்க மட்டும் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எதையாவது செய்து பார்க்கலாம், கெட்டால் கெட்டது. வேலைக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் அந்தச் சலுகை கிடையாது. திங்கட்கிழமை காலை அது அதே கோப்புகளோடும் அதே பிரிண்டரோடும் எழுந்து நிற்க வேண்டும்.

விண்டோஸ் 11-க்குப் போக மூன்று வழிகள் இருக்கின்றன. இருப்பதன் மேலேயே அப்கிரேட் செய்வது. ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போடுவது. பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புது டிஸ்க்கில் போடுவது. இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எது வேகம், எது சுத்தம் என்று பார்க்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பாதியில் சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகும்?

அதற்கு முன்னால், கம்ப்யூட்டருக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சிப்), யூஇஎஃப்ஐ (கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள், பயாஸின் புது வடிவம்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழுப்பவிடும் வசதி), 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் ஆகியவை வேண்டும். பிராசசர் பொதுவாக இன்டெல்லில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்கு மேல். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' இதைச் சோதித்துச் சொல்லும். 'டிபிஎம் இல்லை' என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம், பல கம்ப்யூட்டர்களில் அது பயாஸில் அணைந்து கிடக்கும். டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்து வைக்கும் முறை பழைய எம்பிஆராக இருந்தால், விண்டோஸ் 10-லேயே இருக்கும் 'எம்பிஆர்2ஜிபிடி' கருவி தரவை அழிக்காமல் யூஇஎஃப்ஐக்கு ஏற்ற ஜிபிடி முறைக்கு மாற்றித் தரும். தகுதியில்லாத கம்ப்யூட்டரில் விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் திருத்தி ஏற்றும் குறுக்கு வழியும் உண்டு. அப்படி ஏற்றியவற்றுக்குப் புதுப்பிப்புகள் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்றுதானே மாறுகிறோம்? வேலைக் கம்ப்யூட்டரில் அதைச் செய்ய மாட்டேன்.

சரி, முதல் வழி. மேலேயே அப்கிரேட் செய்தால் புரோகிராம்கள், அமைப்புகள், கோப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். 32 பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த வழி அடைபட்டிருக்கிறது, விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே இல்லை. பழைய விண்டோஸ் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிடிக்கவில்லையென்றால் 10 நாளுக்குள் செட்டிங்ஸிலிருந்தே பழையதற்குத் திரும்பலாம். அந்தப் பத்து நாள் முடிவதற்குள் 'டிஸ்ம்' கட்டளை கொடுத்துக் கெடுவை 60 நாளாக நீட்டிக்கவும் முடியும். பலருக்கு இது தெரிவதில்லை. தெரிந்த சிலரும் "இடம் போதவில்லை" என்று டிஸ்க் கிளீனப்பை ஓட்டி, வந்த பாதையைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள்.

இதன் பலவீனம் எங்கே என்றால், திரும்பும் வழியும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க்கே படுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து போகும். 'கோப்புகள் அப்படியே இருக்கும்' என்பதையும் முழுதாக நம்பி உட்காரக் கூடாது. விண்டோஸ் 10-இன் 2018 அக்டோபர் அப்டேட் சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டது. டாக்குமெண்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டிருந்தவர்கள், பழைய இடத்தில் மிச்சமிருந்த கோப்புகளை இழந்தார்கள். மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்து, சரிசெய்து, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி வெளியிட்டது. பேக்கப் வைத்திருந்தவர்களுக்கு ஒரு மாலை வீணானது, அவ்வளவுதான்.

இந்த வழியில் போவதானால் வெளியார் ஆன்டிவைரஸை முதலில் நீக்கிவிடுங்கள். பழைய விபிஎன் மென்பொருளையும் நீக்கலாம், பிறகு புதுப் பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம். கீபோர்டு, மவுஸ் தவிர யூஎஸ்பியில் செருகியிருக்கும் மற்றதையெல்லாம் உருவி வையுங்கள்.

இரண்டாவது வழியான ஃபார்மட்டுக்கு ரசிகர்கள் அதிகம். ஐந்தாறு வருடக் குப்பை ஒரே வீச்சில் போகும், கம்ப்யூட்டர் இளைத்தாற்போல் ஓடும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று இருந்தால் போதும். ஏற்கெனவே முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் என்றால், அதே கம்ப்யூட்டரில் மறுபடி போட்டபின் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நானும் ஒருமுறை அந்த ஆசையில் விழுந்தேன். டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் மூன்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, எண்ணிக்கை சரிபார்த்து, நிம்மதியாக ஃபார்மட் அடித்தேன். கணக்கு மென்பொருளைத் திரும்பப் போட்டுத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. அது தன் தரவை டாக்குமெண்ட்ஸில் வைப்பதே இல்லை, சி டிரைவில் தனக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருந்தது. மூன்று மாதத்துக்கு முந்தைய பேக்கப் ஒன்று மெயிலில் கிடந்ததால் பிழைத்தேன். நடுவிலிருந்த மூன்று மாதத்தையும் பில்களைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தேன்.

அதற்கப்புறம்தான் சி டிரைவின் மூலைமுடுக்குகளில் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று பட்டியல் போட்டேன். அவுட்லுக் மெயில்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி கோப்பு சிலருக்கு டாக்குமெண்ட்ஸில் இருக்கும், சிலருக்கு மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். விண்டோஸில் பதிந்து வைத்த டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ். அதன் தனிச் சாவியோடு ஏற்றுமதி செய்யாவிட்டால் போனது போனதுதான். விபிஎன் அமைப்புகள். ஒரே கம்ப்யூட்டரோடு கட்டிப்போட்ட மென்பொருள் உரிமங்கள். இந்த உரிமங்களை, டிஸ்க்கைத் துடைப்பதற்கு முன்பே டீஆக்டிவேட் செய்ய வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் பழைய கோப்புகள் வைத்திருந்தால் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் பத்து வருடக் கடிதமெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும்.

இன்னொரு விஷயம். பொருத்தமான வன்பொருளில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினால் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு தானாக இயங்கும். அது ஒத்துவராத பழைய டிரைவர்களை (கருவிகளை இயக்கும் மென்பொருள்களை) உள்ளே விடாது. அப்கிரேட் செய்தவருக்கு வேலை செய்யும் ஒரு பழைய கருவி, ஃபார்மட் அடித்தவருக்கு மக்கர் செய்வதற்கு இது ஒரு காரணம்.

திரும்பும் வழி என்று பார்த்தால் இதில் எதுவுமே இல்லை. முழு டிஸ்க்கையும் இமேஜாக, அதாவது அப்படியே ஒரு பிரதியாக எடுத்து வைத்திருந்தால் தப்பிக்கலாம். ஆனால் அந்த இமேஜைத் திருப்பிப் போட்டு எழுப்பிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மூன்றாவது வழியில் பழைய டிஸ்க்கை யாரும் தொடுவதே இல்லை. புது எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, குளோன்ஸில்லா போன்ற கருவியால் பழையதை அப்படியே அதற்குப் பிரதி எடுக்க வேண்டும். பழையதைக் கழற்றி இழுப்பறையில் வைத்துவிட்டு, புதியதில் உள்ள பிரதியின் மேல் முதல் வழிப்படி அப்கிரேட் செய்யலாம். சுத்தமாக வேண்டுமென்றால் பிரதியே எடுக்காமல் வெறும் எஸ்எஸ்டியில் புதிதாகப் போட்டு, வேண்டியதை வெளிப்பெட்டியில் செருகிய பழைய டிஸ்க்கிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளலாம். மறந்துபோன கணக்குத் தரவு இப்போது அழியாது, இழுப்பறையில் காத்திருக்கும். எல்லாம் குளறுபடியானால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பழைய டிஸ்க்கை மாட்டினால் கால் மணி நேரத்தில் பழைய திங்கட்கிழமை. நேற்றுவரை ஓடிய டிஸ்க் என்பதால் எழுமா எழாதா என்ற சந்தேகமும் குறைவு.

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் முள் இல்லாமலும் இல்லை. பிரதி எடுத்தபின் இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாக மாட்டியபடி எழுப்பக் கூடாது, இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியை முதலிலேயே காகிதத்தில் எழுதி வையுங்கள். பயாஸில் கைவைத்தாலோ டிபிஎம்மைத் துடைத்தாலோ பழைய டிஸ்க் அந்தச் சாவியைக் கேட்கும், அது இல்லாவிட்டால் இழுப்பறையில் இருப்பது வெறும் தகடு. பழைய டிஸ்க் கழற்றிய நாளோடு உறைந்து நிற்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டு வாரம் கழித்து அதற்குத் திரும்பினால் அந்த இரண்டு வார வேலையைப் புது டிஸ்க்கிலிருந்து கொண்டுவர வேண்டும். மெயில் சர்வரிலேயே தங்கும் கணக்கு என்றால் கவலையில்லை, மெயிலைக் கம்ப்யூட்டருக்கே பாப் முறையில் இறக்கிக்கொள்பவர்கள் கவனம்.

சில மெல்லிய லேப்டாப்புகளில் சேமிப்பகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே கழற்றி மாட்டும் இந்த வழி நடக்காது. இப்போதைய மேக்புக்குகளிலும் அப்படித்தான், அவற்றுக்கு டைம் மெஷின் பேக்கப் எடுத்துவிட்டு மேலேயே அப்கிரேட் செய்வதே நடைமுறை. 2019-இல் வந்த மேக் பதிப்பான கேட்டலினாவோடு 32 பிட் புரோகிராம்கள் அடியோடு நின்றன, பழைய மேக்கிலிருந்து தாவுபவர்கள் அதை முதலில் பார்க்க வேண்டும். லினக்ஸ் வகையான உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: எல்டிஎஸ்ஸிலிருந்து (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) அடுத்த எல்டிஎஸ்ஸுக்கான அழைப்பு, அதன் முதல் திருத்த வெளியீடான '.1'-க்குப் பிறகுதான் வரும், அதுவரை பொறுங்கள்.

மாறாமலே இருப்பது? விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் அறிவிக்கப்பட்டன: தனிநபர்களுக்கு ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை; நிறுவனங்களுக்குக் கட்டணத்தோடு மூன்றாண்டு வரை. ஒரே ஒரு பழைய மென்பொருள்தான் தடை என்றால், அதை மட்டும் நெட் துண்டித்த மெய்நிகர் கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸோடு அடைத்துவிட்டு மற்றதையெல்லாம் புதியதற்குக் கொண்டுபோகலாம். கம்ப்யூட்டரே அலுவலகத்துடையது என்றால் இந்த அலசலெல்லாம் இரண்டாம் பட்சம். அதன் நிர்வாகியைக் கேட்காமல் எதையும் அவிழ்க்காதீர்கள்.

என் பழைய எஸ்எஸ்டி மேல் கழற்றிய தேதியை எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். மாதக் கணக்கு முடிப்பது ஒருமுறை, காலாண்டுக் கணக்கு ஒருமுறை, வருடக் கணக்கு ஒருமுறை என்று மூன்றும் புது விண்டோஸில் ஓடி முடிந்தபின்தான் அதைத் துடைப்பேன். முதல் இரண்டும் ஆயிற்று. இரண்டாவதில் ஒரு பிரிண்டர் படிவத்தின் அளவைத் தேடி ஒருமுறை இழுப்பறையைத் திறக்க வேண்டியிருந்தது.